இடைவேளையில் திட்டு வாங்கிய கண்டக்டர்

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டரை எப்படி இயக்குவது, ஆன்லைனில் டிக்கெட்டை எப்போது திறப்பது, பாப்கார்ன் மெஷினை எப்படிக் கழுவுவது என்றெல்லாம் கற்றுத்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். அதில் பாதி எனக்கே தெரியாது. திண்டுக்கல்லில் ஒரே தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவனாகச் சேர்ந்து, மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலம் முழுக்கத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

நம் ஊர்க்காரர்கள் படத்தைச் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இல்லை. ஒரு படத்தில் கதாநாயகனின் வீடு ஏலத்துக்கு வரும். வில்லன் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். நடு வரிசையில் இருந்த வெங்காய மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "ஏலே, அம்புட்டுப் பெரிய வீட்டுக்கு இதான் வெலையா? எம் பேர்ல எழுதுங்கடா!" என்று வில்லனைவிடக் கூட்டிக் கேட்டார். அரங்கம் முழுக்க விசில். அவர் சிரிக்கவே இல்லை. வேர்த்து விறுவிறுத்து நின்றார். அவருடைய மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மறுவாரம் அதே படத்துக்கு மறுபடியும் வந்தார், அந்தக் காட்சி வருவதற்குள் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

எரியோடு பக்கமிருந்து கடலைக்காய் வேலை முடிந்த கையோடு பெண்கள் கூட்டமாக மேட்னிக்கு வருவார்கள். கண்ணீர்ப் படம் என்றால் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. அங்கே வரிசையில் நின்று முகம் கழுவி, முந்தானையால் துடைத்து, ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்த்து "கண்ணு செவந்திருக்கா?" என்று கேட்டுச் சரிசெய்துகொண்ட பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்கள். குழாயடியில் வரிசை நின்றால் படம் ஓடும் என்று விநியோகஸ்தருக்குத் தைரியமாகப் போன் போட்டுவிடுவேன். நான் சொன்னது ஒருமுறையும் பொய்த்ததில்லை. இப்போது அந்த இடத்தில் லிப்ட் இருக்கிறது. நல்ல லிப்ட்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஈரத் தரையின் வாசனை வருகிற மாதிரியே இருக்கிறது.

இதெல்லாம் கற்பனைக் கதைகளுக்கு. 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று முதலில் எழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றால் கதையே வேறு. ஜனங்கள் அப்போது ரசிகர்களாக இருக்க மாட்டார்கள், பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள். யார் மேல் குற்றம், யாரை உதைக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். 'தழுவியது' என்ற சொல்லை ஒருவரும் படிப்பதில்லை, 'உண்மை' என்பதை மட்டும் படிக்கிறார்கள். அப்படி வந்த ஒரு படத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

பல வருடங்களுக்கு முன்பு சிறுமலைக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ், கொண்டை ஊசி வளைவில் பிரேக் சரியாகப் பிடிக்காமல் பின்னால் உருண்டது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். டிரைவர் மட்டும் வண்டியோடு பள்ளத்தில் போய்விட்டார். அவர் பெயர் கருப்பையா. இதை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டார்கள். மலையை வேறு மாவட்டத்துக்கு மாற்றி, பஸ்ஸுக்கு வேறு நிறம் அடித்து, டிரைவருக்கு ஒரு காதலியும் நாலு பாட்டும் கொடுத்திருந்தார்கள். ஆனால் வளைவு வளைவாக வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகிற அந்த பஸ்ஸைப் பார்த்ததுமே நம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே அரங்கம் நிறைந்தது. செம்பட்டியிலிருந்து என் சொந்தக்காரர்களே டிக்கெட் கேட்டுத் தொந்தரவு செய்தார்கள்.

டிரைவரைப் படத்தில் தெய்வமாகக் காட்டியிருந்தார்கள். தெய்வத்துக்கு எதிரே ஒரு பிசாசு வேண்டுமல்லவா? அதற்குக் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்கள். சில்லறை தராதவன், கிழவிகளை விரட்டுகிறவன், நன்றி கெட்டவன். பஸ் பின்னால் உருள ஆரம்பித்ததும் அவன் முதல் ஆளாகக் கதவைத் திறந்து குதித்து, திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். அவன் ஓடுகிற முதுகின் மேல் 'இடைவேளை' என்று எழுத்து விழும்.

யோசித்துப் பாருங்கள். கோபத்தின் உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஜனங்களைக் காண்டீனுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முட்டை போண்டாவைத் தின்றுகொண்டே அத்தனை பேரும் அந்தக் கண்டக்டரைத் திட்டித் தீர்த்தார்கள். வாசலில் மைக்கும் கையுமாக ஒரு தம்பி தினமும் வந்து நின்றார். யூடியூப் சேனல்காரர். "மக்களே, கண்டக்டருக்கு என்ன தண்டனை குடுக்கலாம்?" என்பதுதான் அவருடைய கேள்வி. கட்டிவைத்து உதைக்கலாம் என்பதிலிருந்து மலையிலிருந்து உருட்டிவிடலாம் என்பதுவரை பதில்கள் வந்தன. நானும் ஓரமாக நின்று கேட்டுச் சிரித்தேன். கூட்டம் வருகிறது, தியேட்டருக்கு நல்லதுதானே என்று இருந்தேன்.

சனிக்கிழமை மேட்னிக்கு ஒரு குடும்பம் கூட்டமாக வந்தது. முன்னால் வந்தவர் ஞானசௌந்தரி டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. என் மகள்கள் இரண்டு பேரும் அவரிடம் படித்தவர்கள். அவர் பின்னால் அவருடைய மகன், கொழுந்தனார், இன்னும் சில உறவினர்கள். கடைசியில் சலவை செய்த வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், இடது பாதத்தை இழுத்து இழுத்து வந்தார். அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்த பெண் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"சார், இது எங்க அப்பா, சவரிமுத்து. நெசமா அந்த வண்டியில ஓடுன கண்டக்டர் இவருதான். இவங்க எனக்கு வரப்போற மாமியார் வீடு. நாளைக்கு எங்களுக்கு மூணாவது ஓலை. அதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து அப்பா வண்டி கதையப் பாத்துரலாம்னு வந்தோம்."

கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று சபையில் அறிவிப்பார்கள். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது மறுநாள் காலை.

அந்தப் பெண் ஸ்டெல்லாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவர்கள் யாரும் படத்தைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். என்னவென்று சொல்வது? சம்பந்தி வீட்டார் முன்னால் வைத்து, 'ஐயா, இதில் உங்களைக் கோழையாகக் காட்டியிருக்கிறார்கள், திரும்பிப் போய்விடுங்கள்' என்றா? பின்னால் வரிசை நெருக்கியது. அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஆபரேட்டரிடம் ஓடினேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி இன்டர்வல் விட்றவா சார்?" என்றார். நல்ல மனிதர். ஆனால் விட்டு என்ன பிரயோஜனம்? முதல் பாதியில் குதிக்காதவன் இரண்டாம் பாதியின் முதல் காட்சியில் குதிப்பான், அவ்வளவுதான். படத்தை நிறுத்தவும் முடியாது, மாற்றவும் முடியாது. நம் வேலையில் இப்படிக் கையைக் கட்டிப்போடும் நேரங்கள் வரும். அப்போது ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை நம்பாதீர்கள்.

நான் உள்ளே போய்ப் பின்பக்கக் கதவோரம் நின்றேன். பஸ் உருண்டது. கண்டக்டர் குதித்தான். அரங்கமே ஊளையிட்டது. "ஓடுறான் பாரு நாயி!" என்று முன் வரிசையில் ஒருவன் கத்தினான். இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் நான் பார்த்தது ஸ்டெல்லாவின் முகத்தை. வெளுத்துப் போயிருந்தது. சவரிமுத்து மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வெள்ளைத் துணியில் இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருப்பதைப் போல.

காண்டீனில் வழக்கமான திட்டு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் குடும்பமும் அங்கேதான் நின்றது. போண்டாவைக் கடித்தபடி ஒருவர், "அந்தக் கண்டக்டரு இன்னும் உசுரோடதான் இருக்கானாம்ப்பா. ஒரு காலு வெளங்காமப் போச்சாம். சாமி சும்மா விடுமா?" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அவருக்கு இரண்டடி தள்ளி சவரிமுத்து டீ கிளாஸோடு நின்றார். டீச்சரின் பார்வை அவருடைய பாதத்துக்குப் போனதை நான் பார்த்தேன்.

டீச்சரின் கொழுந்தனார்தான் கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனாலும் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டது.

"அன்னைக்கு வண்டியில இருந்தது நீங்கதான?"

"ஆமாங்க. நாந்தேன்."

"இப்பிடித்தான் குதிச்சீங்களா?"

"குதிச்சேங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஸ்டெல்லா, "அப்பா, முழுசாச் சொல்லுங்கப்பா!" என்று அழுகிற குரலில் சொன்னாள். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். கொழுந்தனார் அண்ணியைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். டீச்சர் மட்டும் யாரையும் பார்க்காமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் கோயிலில் யாராவது எழுந்து நின்றாலும் நிற்பார்கள், நிற்காவிட்டாலும் இந்த வீட்டில் அந்தப் பெண் தலைநிமிர்ந்து வாழ முடியாது என்று எனக்குத் தோன்றியது. போதாததற்கு மைக் தம்பியின் காதிலும் செய்தி விழுந்துவிட்டது. படம் முடிகிற நேரத்துக்கு வாசலில் கேமராவோடு காத்திருக்கப்போகிறார் என்று கேட் ஆள் வந்து சொன்னார்.

நான் சவரிமுத்துவை என் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன்.

"ஐயா, நான் சொல்றதக் கேளுங்க. பின்னாடி ஜெனரேட்டர் ரூம் பக்கம் ஒரு கேட் இருக்கு. ஆட்டோ வரச்சொல்றேன். மகளையும் கூட்டிட்டு இப்பவே கெளம்புங்க. உங்க சம்பந்தி வீட்டுல நானே எடுத்துச் சொல்றேன்."

அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"படத்துலயும் என்னைய ஓடவிட்டாங்க. நீங்களும் ஓடச் சொல்றீகளே சார்."

எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கதவைக் காட்டினேன். ஒரு மனிதனைக் காப்பாற்றுகிறேன் என்று ஒளித்துவைக்கப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் பின்பக்கக் கதவு எப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். யாருக்காகத் திறக்கிறோம் என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"என்னதான்யா நடந்துச்சு?" என்றேன்.

"மலை வண்டியில கண்டக்டர் சீட்டுக்குக் கீழ ஒரு கட்டை கெடக்கும் சார். வண்டி ஏத்தத்துல நின்னு பின்னால வந்துச்சுன்னா, கட்டையத் தூக்கிட்டுக் குதிச்சு பின் டயருக்கு அண்டக் குடுக்கணும். அதான் எங்க வேலை. அன்னைக்கு டிரைவர் கருப்பையா அண்ணன் 'கட்டை!'ன்னு ஒரு சத்தந்தான் போட்டாரு. குதிச்சேன். குடுத்தேன். வண்டி நின்னுச்சு. செத்த நேரந்தான் நின்னுச்சு, ஆனா அதுக்குள்ள சனம் எறங்கிருச்சு."

"இதை அங்கேயே சொல்லிருக்கலாமே! உங்க மக எப்படித் துடிக்குது பாத்தீங்களா?"

"சொல்லலாம். சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் படத்தத் திட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. என்னையும் இழுத்துட்டுப் போயிருவாங்க." பிறகு, "சார், இனிமேதான அண்ணன் பிரேக்க மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது வரும்?" என்று கேட்டார்.

"ஆமா."

"அத நான் பாக்கல சார். நான் கீழ கெடந்தேன். அவரு கொரலு மட்டுந்தான் கேட்டுச்சு, மொகத்தப் பாக்கல. எந்த மொகத்தோட உக்காந்திருந்தாருன்னு இத்தன வருசமா நெனச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். நடிக்கிறவருதான், தெரியும். பரவால்ல. பாத்துட்டு வாரேன்."

இடைவேளை முடிகிற மணி அடித்துவிட்டது. அவர் எழுந்து, பாதத்தை இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடுவழியாகவே நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். கொழுந்தனார் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார். மாப்பிள்ளையும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். டீச்சர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார், சவரிமுத்துவுக்கு அடுத்த இருக்கையில். அது பாசமா, பள்ளிக்கூடத்துப் பிடிவாதமா என்று எனக்குப் புரியவில்லை.

நான் கதவோரத்தை விட்டு நகரவில்லை. படத்தில் அந்தக் காட்சி வந்தது. டிரைவர் பற்களைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பயணிகள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கடைசியாக ஒரு கைக்குழந்தையை ஜன்னல் வழியாக வாங்குகிறார்கள். டிரைவரின் முகம் திரை முழுக்க வருகிறது. வியர்வை வழிகிறது, ஆனால் உதட்டில் ஒரு சிறு சிரிப்பு.

"நான் வந்துட்டேண்ணே!"

சவரிமுத்து எழுந்து நின்றிருந்தார்.

"நான் வந்துட்டேண்ணே! கால எடுத்துரு! எறங்குண்ணே!"

முன் வரிசையில் ஓரிருவர் திரும்பி, "யோவ், உக்காருய்யா" என்றார்கள். அவருக்கு அது காதில் ஏறவில்லை. திரையில் பஸ் சரிந்தது. அவர் அப்படியே நின்றார். ஸ்டெல்லா அவரைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். டீச்சர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, அவரை நிற்கவிட்டார்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். அடுத்த காட்சிக்கு வெளியே கூட்டம் நின்றுகொண்டிருந்தது. துடைப்பத்தோடு ஆட்கள் கதவுக்கு வந்துவிட்டார்கள். நான் ஆபரேட்டருக்குப் போன் போட்டு, "நான் சொல்ற வரைக்கும் லைட்டப் போடாதீங்க" என்றேன். கடைசிப் பெயர் போய்த் திரை வெறுமையான பிறகும் கொஞ்ச நேரம் இருட்டிலேயே விட்டோம். வெளியே "என்னப்பா லேட்டு?" என்று சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அழுகிற மனிதருக்கு முகத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு குழாயடியாவது வேண்டாமா?

வாசலில் மைக் தம்பி தயாராக நின்றார். துரத்திவிடலாமா என்று கேட் ஆள் கேட்டார். வேண்டாம் என்றேன். துரத்தினால் அதையும் படம் பிடித்துப் போடுவார்; கண்டக்டரைத் தியேட்டரே ஒளித்துவைத்தது என்று தலைப்பு வைப்பார். நான் அவரிடம் போய், "தம்பி, கேக்கணும்னா கேளுங்க. ஆனா அவரு பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கப் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

சவரிமுத்து படியிறங்கி வந்தார். ஒரு பக்கம் ஸ்டெல்லா. பின்னால் டீச்சர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். சுற்றிலும் ஜனம் கூடிவிட்டது.

"அய்யா, நீங்கதான் நெசமான கண்டக்டருன்னு சொல்றாங்களே?"

"ஆமாப்பா."

"படத்துல காட்டுனது உண்மையா?"

"குதிச்சது உண்மை. கையில கட்டையோட குதிச்சேன். படத்துல கட்டைய விட்டுட்டாங்க. டயருக்குக் கட்டை குடுக்கறது கண்டக்டரு வேலைப்பா, ஓடுறது இல்ல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "ஆமாய்யா, மலை வண்டியில கட்டை வச்சிருப்பாங்கய்யா" என்று யாரோ சொல்வது கேட்டது.

"அப்ப உங்களத் தப்பாக் காட்டுனவங்க மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இல்லப்பா. எங்க அண்ணனச் சரியாக் காட்டிருக்காங்க. அப்பிடித்தான் இருந்தாரு."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்? நீங்கதான் வெளிய குதிச்சுட்டீங்களே?"

சவரிமுத்து மைக்கைப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மொதத் தடவ குடுத்த கட்டை தெறிச்சிருச்சு. ரெண்டாவது தடவ குடுக்கும்போது கட்டையோட சேந்து எங் காலும் டயருக்கடியில மாட்டிக்கிச்சு. சனமெல்லாம் எறங்கிருச்சு. அண்ணனும் எறங்கிருக்கலாம். பிரேக்குல இருந்து கால எடுத்தா வண்டி எம் மேல வந்துரும்னு அவரு எடுக்கல. வாழைத்தாரு சொமக்கற ஆளுங்க கடப்பாரையால மண்ணத் தோண்டி என்னைய இழுத்தாங்க. 'சவரி, வந்துட்டியா, வந்துட்டியா'ன்னு மேல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் வந்துட்டேண்ணேன்னு கத்துனேன். அவரு எறங்குறதுக்குள்ள வண்டி போயிருச்சு. படத்துல கடைசியா ஒரு கொழந்தைய வாங்குறாங்கள்ல, அந்த எடத்துல இருந்தது நாந்தேன்."

மைக் தம்பியின் கை தானாக இறங்கியது. இடைவேளையில் போண்டாவோடு சாமியைப் பற்றிப் பேசிய மனிதர் கூட்டத்தில் நின்றார். மெதுவாகப் பின்னால் நகர்ந்து போய்விட்டார். ஸ்டெல்லா சத்தமாகவே அழுதாள். அவள் இந்தக் கடைசிப் பகுதியை அன்றுதான் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கொழுந்தனார் முன்னால் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஜனம் தானாக வழிவிட்டது. சவரிமுத்து வாசலுக்குப் போகாமல் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் திரும்பினார். பாதத்தை இழுத்துக்கொண்டு போய் உள்ளே குனிந்து கேட்டார்.

"அம்மா, நாளைக்கு மேட்னிக்கு டிக்கெட் இருக்குமா? காலையில ஓலை முடிஞ்சதும் வந்துருவேன். ஒண்ணு போதும். எங்க அண்ணன் மொகத்த இன்னொருக்கா பாக்கணும்."

ஞானசௌந்தரி டீச்சர் அவருக்குப் பின்னால் போய் நின்று கைப்பையைத் திறந்தார்.

"ரெண்டா எடுங்க சம்பந்தி. ரெண்டாம் பாதி முழுக்க நான் உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன். உங்க அண்ணனை நான் இன்னும் பாக்கல."